வாய்ப்புற்று முன்நிலைகளும் மனிதப் பாப்பிலோமா வைரசும்

மனிதப் பாப்பிலோமா வைரசில் (எச்.பி.வி.) 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 6, 11 ஆகியவை வாயில் தீங்கற்ற மருக்களை உண்டாக்கும். அஞ்சத்தக்கது 16-ஆம் வகை. அதன் ஈ6 புரதம், உயிரணுவைக் காக்கும் பி53 புரதத்தை அழிக்கிறது. ஈ7 புரதமோ உயிரணுப் பிளவைக் கட்டுப்படுத்தும் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. கடிவாளமற்ற உயிரணு பெருகத் தொடங்குகிறது.

வாய்ப்புற்றில் இவ்வைரசுக்குப் பங்கிருக்கலாம் என 1983-இல் பின்லாந்தின் காரி சிர்யானன் குழு முன்வைத்தது. பின்வந்த பல ஆய்வுகளில், துடைத்தாலும் போகாத வெண்படலம் போன்ற புற்று முன்நிலைத் திசுக்களில், இயல்பான சவ்வைவிட எச்.பி.வி. அதிகம் தென்பட்டது. ஆனால் தென்படுவது வேறு, காரணமாவது வேறு. வைரசின் டி.என்.ஏ. வெறும் தற்காலிகத் தொற்றின் தடயமாகவும் இருக்கலாம். ஈ6, ஈ7 ஆகியவற்றின் ஆர்.என்.ஏ. உருவாவதே வலுவான சான்று. டான்சில், நாவின் அடிப்பகுதிப் புற்றுகளில் இச்சான்று உறுதியாக உள்ளது; வாய்க்குழியில் அவ்வளவு இல்லை.

தமிழகத்திலும் இலங்கையிலும் முதல் எதிரி புகையிலையும் பாக்கும்தான். கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் திறப்பதே அரிதாகும் சவ்வடி நார்த்திசு நோய்க்குப் பாக்கே முதன்மைக் காரணம். எச்.பி.வி. தடுப்பூசி வாயில் அவ்வைரசின் தொற்றைக் குறைக்கிறது; ஆனால் ஏற்கெனவே வந்த படலத்தைக் குணப்படுத்தாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வெண்படலத்தையோ செம்படலத்தையோ பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எச்.பி.வி. சோதனை திசு ஆய்வுக்கு மாற்றாகாது.