தனுஷ்கோடிக் கப்பலின் மாலுமிகள்

‘மாலுமி’ என்னும் சொல் அரபி மொழியின் ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து தமிழுக்கு வந்தது. அரபு மரக்கலங்களில் வழியறிந்து செலுத்துபவரையும் முஅல்லிம் என்றே அழைத்தனர். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எனக்கும் அதுவே தொழிற்பெயர் என்பதில் ஒரு சிறு பெருமை உண்டு. ‘சுக்கான்’ என்பதும் அரபிச் சொல்லே.

நம் பாட்டனார் பலர் கொழும்புக்கு வணிகம் செய்யச் சென்ற வழி தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழியாகும். அதற்கு முன்னர் ரயிலில் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து கப்பலேற வேண்டியிருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி சுமார் 35 கிலோமீட்டர்தான். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்பு சேரலாம். ‘போட் மெயில்’ என்ற பெயர் இன்றும் முதியோர் நாவில் உள்ளது.

தென்னிந்திய ரயில்வே முதலில் இயக்கிய கப்பல்களின் பெயர்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். பின்னர் இர்வின், கோஷன் ஆகியவை வந்தன. நால்வர் வைசிராய்கள், கோஷன் சென்னை மாகாண ஆளுநர். ஆண்டவர்களின் பெயர்கள் கப்பலின் நெற்றியில் எழுதப்பட்டன. அக்கப்பல்களில் உழைத்தவர்களின் பெயர்கள் எங்கே?

அக்காலத்து நீராவிக் கப்பலில் மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர் சாரங்கு. அவருக்கு அடுத்தவர் தண்டல். சுக்கான் பிடிப்பவர் ஒருவர். கயிறு எறிவோரும் தளம் கழுவுவோரும் லஸ்கர்கள். கீழே, வெயிலும் காற்றும் எட்டாத வெக்கையில், கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர்களைப் பயணிகள் கண்டதே இல்லை. இராமர் பாலம் என்றும் ஆதம் பாலம் என்றும் அழைக்கப்படும் மணல்திட்டுகளுக்கு அருகே, ஆழம் குறைந்த கடலில், இவர்கள் நாள்தோறும் போய்வந்தனர்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது; பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் தலைமன்னாருக்குச் சென்றது. இலங்கையின் இனக்கலவரத்திற்குப் பின், 1984இல் அதுவும் நின்றது.

ஒரு ஹதீஸைப் படிக்கும்போது, அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் எனப் பெயர் பெயராகத் தேடுவது நம் மரபு. அந்த மரபில் வளர்ந்த நாம், நம் குடும்பத்தாரைக் கடல் கடத்தியவர்களுள் ஒருவர் பெயரையேனும் அறிவோமா? என் வகுப்பில் ஒருநாள் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

1984இல் இருபத்தைந்து வயதிலிருந்த பணியாளர் இன்று அறுபதைக் கடந்தவர். பாம்பனிலோ மண்டபத்திலோ கீழக்கரையிலோ உங்கள் உறவினர் எவரேனும் அக்கப்பலில் பணியாற்றியிருந்தால், இந்த ஜும்ஆவிற்குப் பின் அவரருகே அமர்ந்து கேளுங்கள்: சாரங்காக இருந்தவர் யார், எந்த ஊர், யாருடைய மகன்? விடையை ஒரு குறிப்பேட்டில், தேதியிட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள்.