பேட் டேஸ்ட் - யார் சொல்வது?

போன தீபாவளிக்கு எங்க அம்மா மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பட்டுப் புடவை கட்டினார். என் மகள் பார்த்துவிட்டு, "பேட் டேஸ்ட்" என்றாள். புனேயில் பிறந்து வளர்ந்தவள், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. நல்ல வேளை, பாட்டிக்குப் புரியவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

இந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம் இல்லை. எழவு வீட்டில் ஒருத்தர் ஜோக் அடித்தால் அது 'இன் பேட் டேஸ்ட்'. இடம் பொருள் ஏவல் தெரியாத பேச்சு என்போம். கணக்கை மூட வந்த பழைய கஸ்டமரிடம் கவுன்ட்டரில் வெடுக்கென்று பேசினால், அவர் வாயில் மிஞ்சுவதும் 'பேட் டேஸ்ட்'தான். நமக்கு அது மனக்கசப்பு. மூன்றாவது, உடையையும் வீட்டையும் பார்த்துச் சொல்வது: ரசனை கெட்டது. வம்பெல்லாம் இதில்தான்.

டேஸ்ட் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குத் தொட்டுப் பார்ப்பது என்றும் பொருள். அப்புறம் நாக்குக்குப் போய், அங்கிருந்து மனசுக்குப் போனது. 1712ல் ஜோசப் அடிசன் தன் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில், அநேக மொழிகளில் இந்த உவமை இருக்கிறது என்று எழுதினார். சரிதான், நம்ம வீட்டு ரசத்துக்கும் ரசனைக்கும் வேர் ஒன்றுதானே!

1835ல் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பிலும் இந்தச் சொல் வருகிறது. ரத்தத்தாலும் நிறத்தாலும் இந்தியர், ஆனால் ரசனையாலும் கருத்தாலும் ஒழுக்கத்தாலும் அறிவாலும் ஆங்கிலேயர், அப்படி ஒரு வகுப்பு வேண்டுமென்றார். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது ரசனை.

இனிதான் வேடிக்கை. 1851ல் லண்டனில் பிரம்மாண்டமான பொருட்காட்சி நடந்தது. இந்தியத் துணிகளைப் பார்த்த ஓவன் ஜோன்ஸ் போன்ற வடிவமைப்பாளர்கள் அசந்துபோனார்கள். பூ தட்டையாக, துணியோடு துணியாக இருக்கிறது, நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை என்றார்கள். ஆங்கிலக் கம்பளத்திலோ நிஜ ரோஜா போல நிழல் கொடுத்து வரைந்திருப்பார்கள், அதை மிதித்துக்கொண்டு நடக்கவேண்டும். அரசு கொடுத்த 5000 பவுண்டில் பொருட்கள் வாங்கி, 1852ல் மார்ல்பரோ ஹவுஸில் ஹென்றி கோல் ஒரு மியூசியம் திறந்தார். நல்ல ரசனைக்கு மாதிரியாக அங்கே இந்தியப் பொருட்கள் இடம்பிடித்தன. கெட்ட ரசனைக்கென்று தனியாக ஒரு அறை. அதில் பெரும்பாலும் பிரிட்டிஷ் சரக்கு! ஜனங்கள் அதற்கு 'பயங்கர அறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதே வருடம் டிசம்பரில், டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் ஹென்றி மார்லி இதைக் கிண்டலடித்து ஒரு கதை எழுதினார். க்ரம்பெட் என்பவர் அந்த அறையைப் பார்க்கப் போகிறார். தான் போட்டிருக்கும் கால்சட்டையின் டிசைனே அங்கே தொங்குகிறது. அன்றிலிருந்து அவருக்குத் தன் வீட்டு வால்பேப்பர், கம்பளம் எதைப் பார்த்தாலும் நடுக்கம். ஒரு வீட்டில் டீ குடிக்கும்போது கோப்பைக்குள் வண்ணத்துப்பூச்சி வரைந்திருப்பதைக் கண்டு அலறுகிறார். உற்பத்தியாளர்கள் சும்மா விடுவார்களா? அவர்கள் போட்ட கூச்சலில் அந்த அறையைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டியிருக்கிறது. இப்படிப் புகழ்ந்த காலத்தில்தான் லங்காஷயர் மில் துணி இங்கே வந்து குவிந்து, நம் கைத்தறிக்காரர்களின் பிழைப்பு நொடித்துக்கொண்டிருந்தது. பாராட்டு வந்தது, ஆர்டர் வரவில்லை.

அந்த மியூசியம் 1857ல் சவுத் கென்சிங்டனுக்கு மாறியது. 1899ல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்று பெயர் வைத்தார்கள். லண்டன் பக்கம் போகிற நம்மவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப்போய் அங்குள்ள இந்தியத் துணிகளை ஒரு தடவை காட்டுங்கள்.