விம்போல்: புல்லுக்கடியில் ஓர் ஊர்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயரிலுள்ள விம்போல் மாளிகைக்குக் குழந்தைகளோடு போகிறவர்களை முதலில் இழுப்பது பண்ணைதான். கூரை வேய்ந்த பெரிய களஞ்சியம், நீண்ட கொம்பு மாடுகள், கறுப்புப் பன்றிகள், ஷயர் குதிரைகள். 'பாரம்பரியப் பண்ணை' என்று இது காட்டப்படுகிறது. ஆனால் மூன்றாம் ஹார்ட்விக் பிரபு 1794இல் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு இதைக் கட்டியபோது, இதைவிட நவீனமான விஷயம் கிடையாது. விளைச்சலைப் பெருக்குவது, மந்தையைச் சீர்திருத்துவது எனப் பெருநிலக்கிழார்கள் பித்துப் பிடித்து அலைந்த காலம் அது. அந்த நீள்கொம்பு மாடும் ராபர்ட் பேக்வெல் போன்றோர் லாபக் கணக்குப் போட்டு இனங்கூட்டித் 'திருத்திய' ஒன்றுதான். அன்றைய முதலாளிய விவசாயத்தின் பரிசோதனைக் கூடம் இன்று மரபு என்ற பெயரில் வாசிக்கப்படுகிறது.

தோட்டம் இன்னும் சுவாரசியமானது. 1767 முதல் 'கேப்பபிலிட்டி' பிரௌன் இங்கே வேலை செய்தார். இயற்கை மாதிரியே தெரிய வேண்டும் என்பதற்காக ஏரி வெட்டி, மரங்களைக் கூட்டங்கூட்டமாக நட்டார். ஒருபோதும் இருந்திராத ஒரு கோட்டைக்கு இடிபாடும் எழுப்பினார்கள். நிஜமாகவே அங்கே இருந்த ஒன்று காணாமல் போனது. 1638இல் வரைந்த நிலப்படத்தில் மாளிகையைச் சுற்றி வீடுகளும் வயல்களும் இருக்கின்றன. பூங்கா விரிய விரிய ஊர் அகற்றப்பட்டது.

சரி, யாருடைய பணம்? 1740இல் இதை வாங்கிய பிலிப் யார்க் (முதல் ஹார்ட்விக் பிரபு) வழக்கறிஞர். அவருக்குக் கரும்புத் தோட்டம் இருந்ததென்று சொல்ல வரவில்லை. அவர் செய்தது வேறு. 1729இல் அரசின் தலைமை வழக்கறிஞராக, சார்லஸ் டால்பட்டோடு சேர்ந்து ஒரு கருத்துரை தந்தார்: அடிமை இங்கிலாந்துக்கு வந்துவிட்டாலும் விடுதலையாவதில்லை, ஞானஸ்நானம் பெற்றாலும் ஆவதில்லை, எசமான் அவரைத் தோட்டத்துக்குத் திரும்பிப் போகக் கட்டாயப்படுத்தலாம். தீர்ப்புகூட இல்லை, தோட்ட முதலாளிகள் கேட்டார்கள், சொன்னார், அவ்வளவுதான். 1749இல் சான்சலராக உட்கார்ந்து அதையே திரும்பவும் உறுதிசெய்தார். 1772இல் சாமர்செட் வழக்கில் மான்ஸ்பீல்டு வேறுவிதமாகச் சொல்லும்வரை எத்தனை பேர் கப்பலேற்றப்பட இது துணைபோயிருக்கும்! அடிமைமுறையைச் சவுக்கோடு மட்டுமே சேர்த்துப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, அது சட்ட மொழிக்குள் எப்படி வசதியாகக் குடியிருந்தது என்பது பிடிபடுவதில்லை.

அப்புறம் கிப்ளிங். 1938இல் அவர் மகள் எல்சி பாம்பிரிட்ஜும் கணவரும் மாளிகையை வாங்கினார்கள். அதைச் செப்பனிட உதவியது தந்தையின் நூலுரிமைப் பணம். 'கிம்', 'காட்டுப் புத்தகம்' எல்லாம் எழுதியவரின் பணம். இந்தியாவைக் கதையாக்கி வந்த காசு. அந்தச் சுவர்ப்பூச்சில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 1976இல் எல்சி இறந்ததும் மாளிகை நேஷனல் டிரஸ்ட்டுக்குப் போயிற்று.

ரேமண்ட் வில்லியம்ஸ் தம் 'கிராமமும் நகரமும்' நூலில் (1973) இத்தகைய மாளிகைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை. இவ்வளவு பெரிதாகக் கட்ட எவ்வளவு உழைப்பு உறிஞ்சப்பட்டிருக்க வேண்டும் என்று நிலத்திலிருந்து கணக்கிடச் சொன்னார். விம்போலில் அதற்குத் தடயம் இருக்கிறது. பூங்காவாகிப் புல் மூடியதால் மறுபடி ஏர் படாமல், இடைக்கால உழவர்களின் உழவு மேடும் பள்ளமும் அப்படியே தங்கிவிட்டன. வெயில் சாய்கிற நேரத்தில் நிழல் விழுந்து வரிவரியாகத் தெரியும்.