கருவாட்டுக் குழம்பில் மெக்சிகோ

மெக்சிகோ சாப்பாடு நமக்கு நேற்று வந்தது என்பது பொதுவான நினைப்பு. சென்னை கதீட்ரல் சாலையில் டான் பெப்பே உணவகம் நடந்ததை அறிந்தவர்கள் அங்கிருந்து கணக்கைத் தொடங்குவார்கள். இளையவர்களோ 2010-இல் பெங்களூரில் டாக்கோ பெல் கடை திறந்ததைச் சொல்வார்கள். மரக்காணம் போன்ற உப்பளக் கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய், அப்படியோர் உணவகத்தில் முதன்முதலாக உட்காருகிறவரும் ஏதோ முன்பின் தெரியாத நாட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடப் போவதாகவே நினைப்பார். அந்த நினைப்பு முக்கால்வாசி தவறு. இந்தக் கரை மெக்சிகோவை உண்ணத் தொடங்கி முந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது. அந்தத் தட்டில் அவருக்கு உண்மையிலேயே புதியது ஒன்றே ஒன்றுதான். பெரும்பாலும் அதைத்தான் அவர் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

மெக்சிகோ தந்த மிளகாய்க்கும் தக்காளிக்கும் முன்னால் இங்கே என்ன தின்றார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலைத் தலைநகராகக் கொண்ட ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை, பாணர்களை எயிற்பட்டினம் வழியாக அனுப்புகிறது. அந்தப் பட்டினம் மரக்காணப் பகுதியே என்பது அறிஞர் பலரின் முடிவு. அங்கே நுளையர் என்ற மீனவர் வீட்டில் கிடைப்பது கள்ளும் சுட்ட குழல்மீன் கருவாடும். இன்னும் உள்ளே போனால் புளியிட்ட சோறும் சுட்ட இறைச்சியும், மருதநிலத்தில் வெண்சோறும் நண்டும். உப்பு, மீன், புளி, அரிசி எல்லாம் அன்றே இருந்தன. சோழர் காலத்திலும் இங்கே உப்பு விளைந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. உறைப்புக்கு மட்டும் பெரும்பாலும் மிளகுதான் வழி. அதுவோ மேற்குமலையில் காய்ப்பது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. மிளகாய் அப்படியல்ல. குடிசைக்குப் பின்னால் நான்கு செடி வைத்தால் போதும், காய்ந்த பழம் ஆண்டு முழுக்க வரும். உப்பு வாரி வயிறு கழுவியவர்களின் சட்டியில் மிளகாய் ஏறியதற்கு ருசியைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்பேன். தக்காளி இன்னும் பிந்தியது. 19-ஆம் நூற்றாண்டு கழிந்த பிறகே சாதாரண வீடுகளில் பரவலானது. இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் மிளகாயும் தக்காளியும் சேர்ப்பதில்லை, மிளகுதான். பாட்டன் பூட்டனுக்குப் படைக்கும் இலையில் அவர்கள் அறியாத காய் ஏறக்கூடாது என்ற கட்டுப்பாடு, எந்த ஏட்டையும்விடத் தெளிவாக வரலாற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

போர்த்துகீசியர் மிளகாயைக் கொண்டுவந்தது பிரேசிலின் பெர்னம்புகோவிலிருந்துதானே, மெக்சிகோவுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கப்பல் ஏறிய துறை வேறு, பிறந்த மண் வேறு. நாம் பயிரிடும் மிளகாயில் பெரும்பாலானவை சேர்ந்த இனத்தை முதலில் பழக்கியவர்கள் மெக்சிகோ மக்கள் என்பதைத் தொல்லியல் எச்சங்களும் மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன. மேலும், போர்த்துகீசியர் வழி ஒன்றே வழியும் அல்ல. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மனிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. சோழமண்டலத் துணி மனிலா போய், அங்கிருந்து அந்தக் கப்பல்களில் ஏறியது. விழுப்புரத்துக்காரர் மல்லாட்டை என்று சொல்லும் மணிலாக்கொட்டை இந்த வழியை இன்னும் பெயரில் சுமக்கிறது, அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா என்றாலும். துணிக்கு விலையாக ஐரோப்பியர் கொண்டுவந்த வெள்ளியில் பெரும்பகுதி மெக்சிகோ, பெரு சுரங்கங்களில் வெட்டியது. மரக்காணத்துக்குச் சற்று வடக்கே கடப்பாக்கத்தை ஒட்டி இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டையில் அன்று நாணயச் சாலை இருந்தது. 1736-இல் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரருக்கும் ரூபாய் அச்சடிக்கும் உரிமை கிடைத்தது. மெக்சிகோ வெள்ளி இந்தக் கரையில் உருகி ரூபாயானது. காசு வந்த கடலில் விதை வந்ததில் வியப்பென்ன?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காய் வந்தால் சமையல் வந்ததாகுமா? ஆகாது. இங்கே நான் விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். செடிகள் வந்தன, சமைக்கத் தெரிந்த பெண்கள் கூட வரவில்லை. அதனால்தான் மிளகாயும் தக்காளியும் நம் குழம்புக்குள் அடங்கிப்போயின, மக்காச்சோளம் அடங்கவில்லை. மெக்சிகோவில் முற்றிய சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் கையால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். கழுவி, அம்மி போன்ற சாய்ந்த கல்லில் அரைத்தால் மாவு உருண்டு திரளும். அதைத் தட்டிக் கல்லில் சுட்டால் டார்ட்டியா. சுண்ணாம்பு தோலை உரிப்பதோடு நிற்பதில்லை, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோன இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஏழைகள் அந்தச் சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் வாடினார்கள். நம் கதை வேடிக்கையானது. கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது இந்தக் கரைக்குப் பழைய தொழில். வெற்றிலையில் தடவினோம், சுவரில் பூசினோம். சோளமும் வந்து சேர்ந்தது. ஆனால் இரண்டையும் ஒரே சட்டியில் போடச் சொல்லித்தர ஆளில்லை. இன்று பெரம்பலூரில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது.

மிளகாயை நமதாக்கிக்கொண்ட பிறகு அதன் ஊரைக் கிளறுவானேன் என்போரும் உண்டு. நமதுதான், மறுக்கவில்லை, மெக்சிகோக்காரர்களும் ஆசியாவிலிருந்து போன மாம்பழத்தையும் புளியையும் தமதாக்கிக்கொண்டவர்களே. அங்கே மாம்பழத்தில் ஒரு வகைக்கு மனிலா என்றே பெயர், புளித்தண்ணீர் அவர்கள் தெருவோரக் குளிர்பானம். ஊரைத் தெரிந்துகொள்வது உரிமையைக் குறைக்காது, எதைக் கவனித்துச் சாப்பிடுவது என்பதைத்தான் சொல்லித்தரும். ஆகவே முதன்முறை போகிறவர்கள் சல்சாவின் உறைப்பைக் கண்டு வியக்க வேண்டாம்; அது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பின் உறவுக்காரன். உண்மையில் புதியது டார்ட்டியாதான், ஆனால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் மைதா ரொட்டியில் சுற்றித்தான் தருகிறார்கள். சுண்ணாம்பில் வெந்த சோள மாவில் சுட்டதா என்று பரிமாறுகிறவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் எதுவும் தொட்டுக்கொள்ளாமல் முதலில் அதை ஒரு விள்ளல் தின்று பாருங்கள்.