எண்பதுக்குள்ள என்னப்பா ஜாலி?

ஒரு மாசமா வீட்டில் கார் பேச்சுதான். பையனுக்கு வேலை கிடைச்சாச்சு, லைசென்ஸும் வந்தாச்சு. "சின்னதா, புதுசா ஒண்ணு வாங்கலாம்ப்பா. விலை கட்டுப்படியாகணும், ஓட்ட ஜாலியாவும் இருக்கணும்" என்கிறான். தங்கமணிக்கு ஒரே நிபந்தனை, வேகம் கூடாது. காரணம் இருக்கிறது. என் ஆபீஸில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பையன், இவனைவிட நாலு வயசுதான் பெரியவன், ஒரு ராத்திரி ஹைவேயில் 140-ல் போனான். திரும்பி வரவில்லை. அந்த வீட்டுக்குப் போய் வந்தவள் இவள்.

இவன் விடுவதாயில்லை. "2019 ஜூலைக்கு அப்புறம் தயாரான காரெல்லாம் 80-ஐத் தாண்டினாலே கத்துது. 120-ஐத் தாண்டினா நிறுத்தாம கத்துது. எண்பதுக்குள்ள என்னப்பா ஜாலி?"

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல கொசுவர்த்திச் சுருளைக் கொஞ்சம் பின்னாடி சுத்த வேண்டும். நாங்கள் இருப்பது குர்காவ்ன் (2016-லிருந்து குருகிராம், நமக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது). அந்தக் கதை ஆரம்பிப்பதும் இதே ஊரில்தான்.

1983 டிசம்பர் 14. குலுக்கலில் தேர்வான ஹர்பால் சிங் என்கிற டெல்லிக்காரருக்கு இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். அதுவரை நமக்கு அம்பாசடரும் பத்மினியும்தான். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பத்மினியின் 1,089 சிசி எஞ்சினுக்கு ஏறக்குறைய 40 குதிரை சக்தி, எடை 900 கிலோவை ஒட்டி. மாருதிக்கு 796 சிசி, அதுவும் 40-ஐ எட்டாத குதிரை சக்திதான். ஆனால் எடை சுமார் 650 கிலோ! அதே குதிரை, இழுக்கும் வண்டியில் கால் டன் குறைவு. முதல் தடவை ஓட்டிய நம்ம ஊர் டிரைவர்கள் "என்னா பிக்கப்பு" என்று வாயைப் பிளந்ததற்கு வேறு ரகசியம் கிடையாது.

ஏன் அவ்வளவு லேசு? ஜப்பான்காரனின் வரிச் சட்டம். அங்கே கெய் கார் என்று ஒரு வகை. 1976-இல் மாற்றிய விதிப்படி நீளம் 3.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், எஞ்சின் 550 சிசி, இதற்குள் அடங்கினால் வரிச்சலுகை. சுசுகி அந்தக் கட்டத்துக்குள் செய்த காரைத்தான் நாம் வாங்கிவந்தோம், எஞ்சினை மட்டும் பெரிசாக்கி. 550 சிசிக்குத் தைத்த சட்டைக்குள் 796 சிசி. யாரும் ஜாலிக்காகச் செய்யவில்லை. வரி மிச்சம் பிடிக்கப் போய் ஜாலி தானாக வந்து மாட்டிக்கொண்டது.

அந்த எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்று ஒற்றை சீட் பந்தயக் காரும் செய்தார்கள். கோவை நரேன் கார்த்திகேயன், நம்ம ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் முதல் பந்தயம் ஓட்டியது அதில்தான். 2005-இல் ஃபார்முலா ஒன் போனார். வீட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிவந்த எஞ்சின், பாருங்கள்.

1993-இல் வந்தது ஜென். 993 சிசி, அலுமினிய எஞ்சின், சுமார் 50 குதிரை சக்தி. 2001-இல் செகண்ட் ஹாண்டில் ஒன்று வாங்கினேன். தரையை ஒட்டி உட்கார வைக்கும். ஸ்டியரிங்கைத் தொட்டால் திரும்பும். இரண்டாவது கியரில் 50 தொடும்போது எஞ்சின் பாடும் பாட்டில் ஏதோ பந்தயத்தில் இருப்பது போலத் தோன்றும், பக்கத்தில் பஸ் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் :-) பெரிய காரில் இந்த சந்தோஷத்துக்கு 130 போக வேண்டும். சின்ன காரில் 60 போதும். எவ்வளவு வேகம் போகிறோம் என்பதில் இல்லை விஷயம், எஞ்சினிடம் இருப்பதை முழுசாகக் கேட்டு வாங்குகிறோமா என்பதில்தான்.

2005 மே மாதம் ஸ்விஃப்ட், 1.3 லிட்டர், 87 குதிரை. இங்கேதான் நம் அரசாங்கமும் ஒரு கெய் சட்டம் போட்டது. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் இருக்கும் காருக்கு வரி 24-லிருந்து 16 சதவீதம். 2010-இல் ஸ்விஃப்டின் எஞ்சின் 1.2 ஆகச் சுருங்கியது அதனால்தான். ஆனால் ஜப்பான்காரன் அகலத்தையும் கட்டிவைத்தான், நாம் நீளத்தை மட்டும் கட்டினோம். விளைவு, நாலு மீட்டருக்குள்ளேயே உயரமும் அகலமுமாக ஆயிரம் கிலோவைத் தாண்டிய குட்டி யானைகள். ரோடு முழுக்க இப்போது அவைதான். மேட்டில் உட்கார்ந்து ஓட்டினால் மரியாதை என்று நினைக்கிறோம் போல. 2018-இல் டாடா, டியாகோ ஜேடிபி என்று 114 குதிரையோடு ஒரு சின்ன காரைக் கொண்டுவந்தது. 2020-இல் புகை விதி மாறியபோது போயே போச்சு.

சரி, ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தங்கமணி விடமாட்டாள். அந்த லேசு சும்மா வரவில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் நம் சின்ன கார்கள் ஐந்தை மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். அதே மாதம்தான் மாருதி 800-இன் தயாரிப்பும் நின்றது. நான் ஜென்னில் குழந்தையை மடியில் வைத்து ஜெய்ப்பூர் போய் வந்ததை இன்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. மோதல் விதிகள் 2017-இல் புது மாடல்களுக்கும் 2019-இல் எல்லா கார்களுக்கும் வந்தன. அதனால்தான் "பழைய ஜென் ஒண்ணு தேடலாமா" என்று மனசு அரித்தபோதும் நானே அடக்கிக்கொண்டேன். புதுசுதான்.

அப்புறம் சட்டம். 2018-இல் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு நகருக்குள் 70, நாலுவழிச் சாலையில் 100, எக்ஸ்பிரஸ்வேயில் 120. மாநிலங்கள் இதைக் குறைத்துக்கொள்ளலாம். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் 100-தான், பனிக்காலத்தில் 75. ஆக நம் வாழ்க்கை எண்பதை ஒட்டித்தான்.

2024 மே மாதம் வந்த ஸ்விஃப்டில் மூணு சிலிண்டர், 1.2 லிட்டர், 82 குதிரை, ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும். எடை ஆயிரம் கிலோவுக்குள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டியும் 18 சதவீதமாக இறங்கியது. போன ஞாயிறு மேனுவல் கியர் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். குர்காவ்ன்–ஃபரிதாபாத் ரோடு, ஆரவல்லிக் குன்றுகள் நடுவே வளைந்து போகுமே, அதில். பையனிடம், "அறுபதைத் தாண்டாதே, ஆனா கியரை முழுசா இழு" என்றேன். மூன்றாவது வளைவில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான்.

பின் சீட்டிலிருந்து ஸ்பீடோமீட்டரையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்த தங்கமணி, இறங்கும்போது கேட்டாள், "சிவப்பு கலர் இருக்கா?"