6174: ஒரு பள்ளி ஆசிரியரின் எண்

நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இலக்கங்கள் நான்கும் ஒன்றாக இருத்தல் கூடாது என்பதொன்றே நிபந்தனை. அவற்றை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழிப்போம். வரும் விடைக்கும் அவ்வாறே செய்வோம். (விடை மூன்று இலக்கமாகக் குறைந்தால் முன்னே ஒரு சுழியம் இட்டுக்கொள்ள வேண்டும்.) எங்குத் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிற்கும். அதன்பின் 7641இலிருந்து 1467 போக, மீண்டும் 6174தான்.

இதைக் கண்டவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். 1905இல் தகாணுவில் பிறந்து, புனே ஃபெர்குசன் கல்லூரியில் பயின்று, 1930 முதல் 1962 வரை நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெறாதவர். இவ்வெண்ணை அவர் அறிவித்தது 1949இல், சென்னையில் கூடிய கணித மாநாட்டில். அந்த ஆண்டையே எடுத்துக் கழித்துப் பார்த்தோம்: 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174. ஏழு படிகளும் தேவைப்பட்டன!

இத்தகைய எண்ணாடல்களைக் கணிதம் எனலாமா என்னும் வினா அதற்கு முன்பே எழுந்துவிட்டது. இராமானுசனை உலகறியச் செய்த அதே ஹார்டி, 1940இல் வெளிவந்த தம் நூலில், 9801 என்பது தன் தலைகீழான 1089இன் ஒன்பது மடங்கு என்பது போன்ற செய்திகள் புதிர்ப் பகுதிக்கே உரியவை, கணித அறிஞரை ஈர்ப்பன அல்ல என்று ஒதுக்கினார். மாலைமாற்றையும் சித்திரகவியையும் கவிதையே அன்று என்று நம் திறனாய்வாளர் ஒதுக்குவதை இது நினைவூட்டுகிறது. (அவ்வாறு ஒதுக்குவோர் அவற்றில் ஒன்றையேனும் இயற்ற முயன்றிருப்பரா என்பது நம் ஐயம்.)

ஹார்டியின் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. 6174இன் இப்பண்பு நாம் பத்தை அடிமானமாகக் கொண்டு எண்ணுவதால் விளைவது. ஆயினும் அதன் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதுவே நம்மைக் கவர்கிறது. இறங்குவரிசையில் முதல் இலக்கத்துக்கும் கடை இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை 999ஆலும், நடு இரண்டின் வேறுபாட்டை 90ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்தலின் விடை கிடைத்துவிடும். ஆகவே இலக்கங்கள் எவை என்பது பொருட்டன்று. இவ்விரு வேறுபாடுகளே பொருட்டு. நிபந்தனைக்கு உட்பட்ட நான்கிலக்க எண்கள் 8991. அவை அனைத்தும் முதற்படியிலேயே 54 விடைகளுக்குள் சுருங்கிவிடுகின்றன. அந்த 54ஐயும் ஒரு பிற்பகலில் தாளில் எழுதிச் சரிபார்த்துவிடலாம், மெய்ப்பிப்பு முடிந்தது.

மூன்று இலக்கத்தில் 495 இவ்வாறு நிற்கிறது. இரண்டு இலக்கத்தில் நிற்பது எதுவுமில்லை. 9, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து இலக்கத்திலும் சுழற்சிகளே உள்ளன, நிலைபெறும் எண் இல்லை. நான்கில் இருந்தது ஐந்தில் ஏன் இல்லாமற்போகிறது என்று கேட்கத் தொடங்கியவுடன் நாம் புதிர்ப் பகுதியைக் கடந்துவிடுகிறோம்.

1975இல் மார்ட்டின் கார்டினர் ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பின்னரே காப்ரேகரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. அப்போது அவருக்கு எழுபது வயது. பள்ளிப்பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. 1986இல் மறைந்தார்.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு, மகிழ்ச்சி தருவது என்னும் பொருளில், ஹர்ஷத் என்று பெயரிட்டவரும் அவரே. 6174இன் இலக்கக் கூட்டுத்தொகை 18. வகுத்தால் 343, அதாவது ஏழின் கனம். அந்த 18ஐயும் அதன் வர்க்கமான 324ஐயும் கனமான 5832ஐயும் கூட்டிப் பாருங்கள்.