மயிலாடிக்கு மிஷனரியை அழைத்து வந்தவர்

தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தைத் தொடங்கி வைத்தவர் யார் என்று கேட்டால், ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியரின் பெயரைத்தான் சட்டென்று சொல்கிறோம். அவரைத் தேடிப் போய் அழைத்து வந்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர். இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் மயிலாடி அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. கோயிலுக்குள் நுழைய முடியாத, பொதுவழியில் நடக்க முடியாத மக்களின் ஊர்.

மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். தேடியது அங்கே கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூர் உறவினர்களிடம் கிறிஸ்தவத்தைக் கேட்டறிந்தார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்கு வந்ததும் தன் சொந்தக்காரர்களுக்குத் தானே போதித்தார். எந்த மிஷனரியும் வருவதற்கு முன்பே மயிலாடியில் ஒரு சிறு கூட்டம் இருந்தது என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

லண்டன் மிஷன் அனுப்பிய ரிங்கல்தௌபே அப்போது தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806-இல் ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. ரிங்கல்தௌபே குறையில்லாத மனிதர் அல்ல. வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்கத்தான் வருகிறார்கள் என்று நம் மக்களைச் சந்தேகப்பட்டார், ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டார். அடிமைத்தனத்தில் நசுங்கியவன் விடுதலையை எதிர்பார்த்து வருவதில் என்ன குற்றம் என்று நாம் அவரைக் கேட்கலாம்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரை மதிக்கிறோம். வேதமாணிக்கத்தைத் தன்னைப் போல இன்னொரு பாதிரியாராக வார்த்தெடுக்க அவர் முயலவில்லை. ஊர்களின் வழி, உறவு, பேச்சு, எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எதைச் சொன்னால் எடுபடும் என்பதெல்லாம் வேதமாணிக்கத்துக்கே தெரியும். அந்தத் திறமையை நம்பி, 1816-இல் நாட்டை விட்டுப் போகும்போது சபைகளின் முழுப் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் நாகர்கோவிலில் பணியைத் தொடங்கியது 1818-இல். இடைப்பட்ட காலம் முழுக்கச் சபைகளைக் கட்டிக் காத்தவர் ஒரு சாம்பவர். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் பிரகடனம் வருவதற்கு இன்னும் நாற்பது வருடம் இருந்தது!

மீட் நல்ல பணிகள் செய்தார். அவர் தொடங்கிய செமினரிதான் இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர். ஆனால் மிஷன் வரலாறுகளில் வேதமாணிக்கம் 'முதல் கிறிஸ்தவர்', 'முதல் உபதேசியார்' என்ற அளவில் சுருங்கிவிட்டார். பின்னாளில் நாடார் சமூகத்தார் பெருந்திரளாகச் சேர்ந்தார்கள். தொடங்கியவர் யார் என்ற நினைவு மெல்ல மங்கியது. உள்ளூர் ஊழியர்களை முறைப்படி குருக்களாக அபிஷேகம் செய்ய மிஷனுக்கு 1860-கள் வரை மனம் வரவில்லை. ரிங்கல்தௌபே 1816-இல் நம்பிக் கொடுத்ததைத் திரும்பக் கொடுக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி என்ற பெயரில் நாம் நடத்தும் முகாம்களிலும் இதே கேள்வியைக் கேட்கிறோம்: எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதல்ல, எத்தனை பேரிடம் சாவியைக் கொடுத்தோம்? மயிலாடிக்குப் போகிறவர்கள் அங்குள்ள சிஎஸ்ஐ ஆலயத்தின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ரிங்கல்தௌபே பெயரோடு வேதமாணிக்கத்தின் பெயரும் அதில் இருக்கிறது.